‘ட’ வடிவக் குழலுக்குள் ஒளியும் நோய்: செல்லப்பிராணிகளின் காதும் கால்நடைச் செவிலியரும்

இவ்வுரையின் பொருள் மிகச் சிறியது. ஒரு சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குழல் ஒன்றைப் பற்றியது. அந்தக் குழலுக்குள் நடப்பதைச் சரியாக அறிவதில் கால்நடைச் செவிலியருக்கு என்ன பங்கு உண்டு, அந்தப் பங்கு எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது. பிரிட்டன் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. கால்நடைச் செவிலியர் என்ற தொழிலைப் பயிற்சி, தேர்வு, பதிவேடு, ஒழுங்கு நடவடிக்கை என்ற முறையோடு அரை நூற்றாண்டுக்கு மேல் வளர்த்தெடுத்த நாடு அது.

முதலில் அந்தக் குழலின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். மனிதனின் செவிக்குழல் ஏறத்தாழ நேராக உள்ளே சென்று செவிப்பறையைத் தொடுகிறது. நாயின் செவிக்குழல் அப்படிச் செல்வதில்லை. அது காதுமடலின் அடியில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கி, பிறகு திடீரென்று உட்பக்கம் திரும்பி மண்டையோட்டை நோக்கிக் கிடைமட்டமாகச் செல்கிறது. தமிழ் எழுத்து ‘ட’வை ஒருமுறை எழுதிப் பார்த்தவருக்கு இந்த அமைப்பைத் தனியே வரைந்துகாட்டத் தேவையில்லை: மேலிருந்து கீழே ஒரு கோடு, மூலையில் ஒரு திருப்பம், பக்கவாட்டில் ஒரு கோடு, அதன் முடிவில் செவிப்பறை. அழுக்கு இறங்குவது எளிது, ஏறி வெளியே வருவது கடினம். வெளிச்சம் போவது கடினம், ஈரம் தங்குவது எளிது. வெளியிலிருந்து குனிந்து பார்ப்பவருக்குத் தெரிவது அந்த எழுத்தின் முதற்கோட்டின் மேற்பகுதி மட்டுமே. மீதியெல்லாம் கண்ணுக்கு எட்டாமல் இருக்கிறது, நோயும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

இது அரிதான நோயா? அல்லவே அல்ல. லண்டனிலுள்ள ராயல் வெட்டர்னரி காலேஜ் நடத்தும் ‘வெட்காம்பஸ்’ என்னும் ஆய்வுத்திட்டம், பிரிட்டனின் சாதாரண மருத்துவமனைகளில் எழுதப்படும் அன்றாடக் குறிப்புகளைத் திரட்டி ஆராய்கிறது. 2016ஆம் ஆண்டுக்குரிய குறிப்புகளை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த அதன் கட்டுரையின்படி, ஓர் ஆண்டுக்குள் நூற்றுக்கு ஏழு நாய்களுக்குச் சற்று மேலாக, துல்லியமாக 7.3 சதவீத நாய்களுக்குப் புறச்செவி அழற்சி இருந்தது. புறச்செவி அழற்சி என்பது செவிப்பறைக்கு வெளியே உள்ள குழல் சிவந்து வீங்கி நோவெடுக்கும் நிலை. பாசெட் ஹவுண்ட் என்ற தொங்குகாது இனத்தில் இந்த அளவு நான்கில் ஒன்றையும் தாண்டியது. நிமிர்ந்த காது உள்ள இனங்களைவிடத் தொங்குகாது இனங்களுக்கு இந்நோய் மிகுதி என்பது வளர்ப்பவர் பலரும் அனுபவத்தில் கண்டதுதான். இங்கே அது எண்ணாக நிற்கிறது.

இத்தனை பரவலான நோய்க்கு எளிய பெயர் ஒன்று இருப்பதே அதன் தொல்லைகளில் ஒன்று. ‘காதுச்சீழ்’ என்று வளர்ப்பவர் சொல்கிறார், ‘காது இன்ஃபெக்‌ஷன்’ என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார், புறச்செவி அழற்சி என்று மருத்துவக் குறிப்பு சொல்கிறது. இவற்றுள் எதுவும் நோயறிதல் ஆகாது. அழற்சி என்பது விளைவின் பெயர். அதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. தோல் மருத்துவ வல்லுநர்கள் இந்தக் காரணங்களை நான்கு அடுக்காகப் பிரிப்பார்கள். ஒவ்வாமை, மைட் எனப்படும் கண்ணுக்கு எட்டியும் எட்டாத நுண்சிலந்தி, காதுக்குள் புகுந்த புல்முள், தைராய்டு சுரப்பிக் குறைவு போன்றவை முதற்காரணங்கள். இவை நலமாக இருந்த காதையே கெடுக்க வல்லவை. ஈஸ்ட், பாக்டீரியா ஆகியவை துணைக்காரணங்கள். கெட்டுப்போன காதில் இவை குடியேறுகின்றன. தொங்கும் மடல், குழலுக்குள் அடர்ந்த மயிர், குறுகிய குழல், அடிக்கடி நீந்தும் பழக்கம் ஆகியவை வழிவகுக்கும் கூறுகள். நாள்பட்ட வீக்கம், தடித்துச் சுருங்கிய குழல்சுவர், நடுச்செவிக்குள் தேங்கிய சீழ் ஆகியவை நோயை நீட்டிக்கும் கூறுகள். ஈஸ்டை மட்டும் கொன்றுவிட்டு ஒவ்வாமையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஆறு வாரத்தில் அதே நாய் அதே நாற்றத்தோடு அதே வாசற்படியில் நிற்கும். மருந்து தோற்றது என்று வளர்ப்பவர் நினைப்பார். மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது, யாரும் கேட்காத கேள்வி ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது.

ஏன் அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை? மருத்துவருக்குத் தெரியாததாலா? அறவே இல்லை. மேற்சொன்ன நான்கு அடுக்கும் எந்தக் கால்நடை மருத்துவ மாணவருக்கும் மனப்பாடம். குறை அறிவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பிரிட்டனில் ஒரு பொது மருத்துவமனையில் ஒரு பிராணிக்கு ஒதுக்கப்படும் நேரம் வழக்கமாகப் பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. அந்தப் பத்து நிமிடத்துக்குள் வரலாறு கேட்க வேண்டும், உடல் முழுவதும் பார்க்க வேண்டும், வலியில் துடிக்கும் காதுக்குள் கருவி செலுத்த வேண்டும், கசிவை எடுத்து நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், காதைக் கழுவும் முறையைக் கற்பிக்க வேண்டும், செலவைப் பேச வேண்டும், குறிப்பும் எழுத வேண்டும். எந்தத் திறமைசாலியாலும் இதைச் செய்ய முடியாது. எனவே, எதை விட்டுவிடலாம் என்ற தேர்வு சத்தமின்றி நடக்கிறது. முதலில் விடுபடுவது நுண்ணோக்கி, அடுத்து விடுபடுவது விரிவான வரலாறு, பிறகு விடுபடுவது மறுபரிசோதனை. எஞ்சுவது மோந்து பார்த்த நாற்றமும், கண்ணில் பட்ட நிறமும், ஈஸ்டையும் பாக்டீரியாவையும் அழற்சியையும் ஒரே சொட்டில் அடக்க முயலும் கூட்டுமருந்துக் குப்பியும்தான்.

ஆகவே எந்தக் காதைப் பற்றியும் மூன்று கேள்விகள் எழுகின்றன. யார் பார்த்தார்கள்? எப்போது பார்த்தார்கள்? எங்கே எழுதி வைத்தார்கள்? இந்த மூன்றுக்கும் விடை இல்லாத காதுக்கு நோயறிதலும் இல்லை. இந்த விடைகளைத் தேடிச் செல்லும்போது எதிர்ப்படுபவர்தான் செவிலியர்.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் கால்நடை மருத்துவத் தொழிலை ஆளும் ராயல் காலேஜ் ஆஃப் வெட்டர்னரி சர்ஜன்ஸ், 1961இல் விலங்குப் பராமரிப்புத் துணையாளர்களுக்கான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அவர்களைச் செவிலியர் என்று அழைக்க அப்போது இடமில்லை. அந்தச் சொல் மனிதர்களுக்குப் பணிபுரிவோர்க்கே உரியதாகக் காக்கப்பட்டிருந்தது. 1984இல்தான் கால்நடைச் செவிலியர் என்ற பெயர் வழங்கலாயிற்று. 1991இல், 1966ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை திருத்தப்பட்டு, மருத்துவரின் வழிகாட்டுதலின்படி சிகிச்சையும் உடற்குழிக்குள் நுழையாத சிறு அறுவையும் செய்ய அவர்களுக்கு இடம் கிடைத்தது. 2007இல் பதிவேடு திறக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டின் அரச சாசனம் அவர்களை அந்த ராயல் காலேஜின் இணையுறுப்பினராக ஏற்று, ‘பதிவுபெற்ற கால்நடைச் செவிலியர்’ என்ற நிலையை உறுதிசெய்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரு பெயருக்காகவே காத்திருந்த தொழில் இது என்பதையும் இங்கே ஓரமாகக் குறித்து வைக்கலாம்.

ஆனால் அதே 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கோட்டை அழுத்தமாகக் கிழித்திருக்கிறது. நோயறிதல் என்பது கால்நடை மருத்துவத் தொழிலின் பகுதி என்று அச்சட்டத்தின் சொல்விளக்கமே கூறுகிறது. நோய்க்குப் பெயர் சொல்லுதல், அந்தப் பெயரின் அடிப்படையில் மருந்து எழுதுதல் ஆகிய இரண்டும் மருத்துவருக்கே உரியவை. செவிலியர் எத்தனை ஆண்டு அனுபவம் பெற்றவரானாலும் ‘இது ஒவ்வாமைக் காது’ என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. அப்படியிருக்க, நோயறிதலில் செவிலியரின் பங்கு என்று பேசுவதே முரண் அல்லவா?

முரண் இல்லை. நோயறிதல் என்பது பெயரிடும் அந்த ஒரு கணம் மட்டும் என்று எண்ணினால்தான் முரண். ஒரு வழக்கில் தீர்ப்பு எழுதுபவர் நீதிபதி ஒருவரே. ஆனால் சாட்சியம் பதிவாகாத வழக்கில் எந்த நீதிபதி என்ன தீர்ப்பு எழுத முடியும்? காதுநோயிலும் அப்படித்தான். பெயரிடுவதற்கு முன் பல பார்வைகள் வேண்டும். பெயரிட்ட பின்னும் அந்தப் பெயர் சரிதானா என்று சோதிக்கும் பார்வைகள் வேண்டும். கண்டதைக் கண்டபடி விவரிப்பது வேறு, அதற்குப் பொருள் சொல்வது வேறு. ‘பழுப்பு நிறக் கசிவு, இடது காதில் மிகுதி, நிலக்கடலை வடிவ அணுக்கள் பெருவாரியாக’ என்று எழுதுவது விவரிப்பு. ‘ஈஸ்ட் பெருக்கத்தோடு கூடிய ஒவ்வாமை அழற்சி’ என்று எழுதுவது நோயறிதல். முதல் வாக்கியம் செவிலியருடையது, இரண்டாவது மருத்துவருடையது. முதல் வாக்கியம் இல்லாமல் எழுதப்படும் இரண்டாம் வாக்கியம் ஊகம்.

இனி அந்தப் பார்வைகளை ஒவ்வொன்றாகக் காணலாம். முதலாவது பார்வை உண்மையில் பார்வையே அல்ல, கேள்வி. ஏழு வயது காக்கர் ஸ்பானியல் ஒன்று தலையை உதறிக்கொண்டே இருப்பதாகக் கொள்வோம். வளர்ப்பவர் மருத்துவரிடம் ‘காது மறுபடியும் வந்துவிட்டது’ என்ற ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார். அதற்கு முன் கால் மணி நேரம் செவிலியர் அவரோடு அமர்ந்தால் அந்த ஒரு வாக்கியம் விரியத் தொடங்கும். முதன்முதலில் எந்த வயதில் வந்தது? ஒரு காதா, இரண்டா? கோடையில் மட்டுமா, ஆண்டு முழுவதுமா? பாதங்களை நக்குகிறதா? வயிற்றடியைச் சொறிகிறதா? உணவு எப்போது மாறியது? வீட்டில் வேறு பிராணி இருக்கிறதா? சென்ற முறை தந்த மருந்தை எத்தனை நாள் ஊற்றினீர்கள்? கடைசிக் கேள்வியைத் தணிந்த குரலில், குற்றம் சாட்டாமல் கேட்கத் தெரிந்தவரிடம்தான், ‘நாலு நாள் ஊற்றினேன், பிறகு அது ஓடி ஒளிந்துகொண்டது, விட்டுவிட்டேன்’ என்ற உண்மை வெளிவரும். மருத்துவரிடம் இதே மனிதர் ‘முழுக்க ஊற்றினேன்’ என்றுதான் சொல்லியிருப்பார். வெள்ளை அங்கி முன்னால் பொய் சொல்லாதவர் குறைவு. அந்த ஒரு விடையால் வழக்கே மாறுகிறது: மருந்துக்கு அடங்காத கிருமி என்று அஞ்சி வலுவான மருந்துக்குத் தாவ வேண்டிய இடம், உண்மையில் மருந்தே போய்ச் சேராத இடமாக ஆகிவிடுகிறது.

பாதம் நக்கும் கேள்விக்கும் ஆழமான காரணம் உண்டு. சூழலிலுள்ள தூசிச்சிலந்தி, மகரந்தம் போன்றவற்றுக்குத் தோல் மிகையாக எதிர்வினை காட்டும் அடோபி என்ற ஒவ்வாமை நோயுள்ள நாய்களில் ஏறத்தாழ பாதிக்குக் காதும் நோயுறுகிறது. சிலவற்றில் காதே முதல் அறிகுறி, இன்னும் சிலவற்றில் காது மட்டுமே அறிகுறி. செவிக்குழலின் உட்புறம் தோலின் நீட்சிதான். ஆகவே, காதைப் பார்ப்பவர் பாதத்தையும் அக்குளையும் பார்த்தாக வேண்டும். காதோடு வந்த நாயின் கால்விரல்களைப் பிரித்து, எச்சில் பட்டுச் செம்பழுப்பேறிய மயிரைக் கண்டு, ‘நான்கு பாதங்களிலும் நக்கிய கறை’ என்று குறித்து வைக்கும் செவிலியர், முதற்காரணத்தை மருத்துவரின் மேசைமேல் வைத்துவிடுகிறார்.

அடுத்தது தொடுதல். வலிக்கும் காதைத் தொட விடாத நாயை நான்கு பேர் அழுத்திப் பிடித்துப் பார்ப்பது ஒருமுறைதான் பலிக்கும். மறுமுறை அந்த நாய் மருத்துவமனை வாசலிலேயே படுத்துவிடும்; மூன்றாம் முறை கடித்துவிடும். பிடித்துக்கொள்வது, பழக்குவது, தின்பண்டம் தந்து சிறுகச் சிறுக மடலைத் தூக்கவிடச் செய்வது, எந்த நாய்க்கு மயக்க மருந்து இல்லாமல் பார்க்கவே கூடாது என்று கண்டறிந்து மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்வது ஆகியவை செவிலியரின் கலை. காதுநோக்கியின் கூம்பை உள்ளே விடும்போது காதுமடலை மேலேயும் வெளியேயும் இழுத்துப் பிடித்தால் அந்த ‘ட’ ஓரளவு நேராகிறது. அந்த இழுப்பின் அளவு தெரிந்த கை பக்கத்தில் இருந்தால் மருத்துவரின் கண்ணுக்கு மூலைக்கு அப்பாலும் வழி திறக்கிறது. நலமான காதை முதலிலும் நோயுற்ற காதைப் பின்னரும் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் வெவ்வேறு கூம்பு வேண்டும். ஒரு காதின் கிருமியை மறு காதுக்குக் கொண்டுசேர்ப்பது மருத்துவமனையின் வேலை அல்லவே.

இப்போது இந்த உரையின் நடுப்பொருளுக்கு வந்தாயிற்று: நுண்ணோக்கி. காதுக் கசிவைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நிறமேற்றிப் பார்ப்பதற்கு சைட்டாலஜி, அதாவது உயிரணு ஆய்வு என்று பெயர். காதுநோய்க்கு இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட நிறைய சொல்லும் சோதனை வேறில்லை. அவசரத்தில் இதைவிட அடிக்கடி கைவிடப்படும் சோதனையும் வேறில்லை. அது எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை நின்று பார்ப்பது நல்லது.

காதைக் கழுவுவதற்கு முன்பே கசிவை எடுக்க வேண்டும். கழுவிய பின் எடுப்பது, கைரேகையைத் துடைத்துவிட்டுத் திருடனைத் தேடுவது போன்றது. பஞ்சு சுற்றிய குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, ‘ட’வின் மூலைப்பக்கம் வரை மட்டும் கொண்டுபோய், சுவரைத் தேய்க்காமல் சுழற்றி எடுக்க வேண்டும். இடது காதுக்கு ஒரு குச்சி, வலது காதுக்கு வேறு குச்சி. கண்ணாடித் தகட்டில் அதைத் தேய்க்கக் கூடாது, சப்பாத்திக் கட்டையைப் போல உருட்ட வேண்டும். தேய்த்தால் அணுக்கள் நசுங்கிக் கோடுகளாக இழுபட்டுவிடும். தகட்டின் ஓரத்தில் பென்சிலால் ‘இ’ என்றோ ‘வ’ என்றோ அப்போதே எழுத வேண்டும். அந்த ஓர் எழுத்தை எழுத மறந்த தகடு, எத்தனை அழகாக நிறமேறியிருந்தாலும் குப்பைக்குரியது. உலர்ந்த பின் மூன்று ஜாடிகளில் மாற்றி மாற்றி முக்கி எடுக்கிறார்கள்: முதலாவதில் உள்ள மெத்தனால் அணுக்களைத் தகட்டோடு பிணைக்கிறது, இரண்டாவது சிவப்பேற்றுகிறது, மூன்றாவது நீலமேற்றுகிறது. காதுக்கென்று தனி ஜாடிகள் வைப்பதும், அவற்றை நாள் பார்த்து மாற்றுவதும் செவிலியரின் பொறுப்பு. பழைய ஜாடியிலேயே பாக்டீரியா வளர்ந்து, நலமான காதுக்கும் நோய் இருப்பதாகக் காட்டிவிடும் என்பது இத்துறையில் உள்ளவர் பலரும் ஒருமுறையாவது ஏமாந்து கற்ற பாடம்.

தகட்டில் என்ன தெரிகிறது? முதலில் குறைந்த பெருக்கத்தில் அணுக்கள் திரண்ட இடத்தைத் தேடி, பிறகு எண்ணெய்த்துளி விட்டு ஆயிரம் மடங்கு பெருக்கத்தில் பார்க்கும்போது, நடுவில் இடை சிறுத்த நிலக்கடலைகளைப் போல ஊதா நிறத்தில் சிதறிக் கிடப்பவை மலசீசியா என்ற ஈஸ்ட். திராட்சைக் கொத்தாகவும் இணையிணையாகவும் உருண்டையாகத் தெரிபவை கோளவகைப் பாக்டீரியா. நாய்க்காதில் இவற்றுள் பெரும்பாலானவை ஸ்டெஃபிலோகாக்கஸ் இனம். குச்சி வடிவில் தெரிபவை கோல்வகைப் பாக்டீரியா. இவை தெரிந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். பல மருந்துகளுக்கு அடங்காத சூடோமோனாஸ் இந்த வடிவினது. ஆயினும் வடிவத்தைக் கொண்டு இனத்தின் பெயரைச் சொல்லிவிட முடியாது, அதற்குக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை வேண்டும். இவற்றோடு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் திரண்டு, தம் வயிற்றுக்குள் பாக்டீரியாவை விழுங்கி வைத்திருந்தால், அங்கே வெறும் பெருக்கம் இல்லை, உடல் போராடும் தொற்று இருக்கிறது என்று பொருள்படும். கரிய, காப்பித்தூள் போன்ற கசிவு என்றால் அதை நிறமேற்றாமல் பாரஃபின் எண்ணெயில் குழைத்து, குறைந்த பெருக்கத்தில் பார்க்க வேண்டும். எட்டுக்கால் மைட் ஒன்று எண்ணெயில் நடந்து போவதை அந்தப் பூனையை வளர்ப்பவருக்கே நுண்ணோக்கியில் காட்டிவிட்டால், பிறகு மருந்தைத் தவறாமல் ஊற்றும்படி அவரிடம் யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

இத்தனையும் பார்த்து எழுத எவ்வளவு நேரம்? பழகிய கைக்கு ஒரு தகட்டுக்குச் சில நிமிடங்கள். வளர்ப்பவர் காத்திருக்கும் நேரத்தில், மருத்துவர் வேறொரு பிராணியைப் பார்க்கும் நேரத்தில், இது முடிந்துவிடும். மருத்துவர் அறைக்குள் நுழையும்போது தகடு நுண்ணோக்கியில் ஏற்றப்பட்டு, பார்க்க வேண்டிய இடம் குவியத்தில் நிறுத்தப்பட்டுக் காத்திருக்கிறது. அவர் ஒருமுறை குனிந்து பார்த்துத் தம் முடிவுக்கு வருகிறார். யார் பார்த்தார்கள்? இருவரும். எப்போது? மருந்துக்கு முன். எங்கே எழுதினார்கள்? இடது, வலது என்று தனித்தனியாக, தேதியிட்டு.

எழுதுவதிலும் ஒழுங்கு வேண்டும். ‘காது சற்றுத் தேவலை’ என்று எழுதினால் அடுத்த மாதம் படிப்பவருக்கு என்ன விளங்கும்? இதற்காகவே ஓட்டிஸ்-3 என்ற மதிப்பீட்டு முறை உருவாக்கப்பட்டுள்ளது. சிவப்பு, வீக்கம், புண், கசிவு ஆகிய நான்குக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை மதிப்பெண் தந்து கூட்டினால், பன்னிரண்டுக்கு இத்தனை என்று ஒவ்வொரு காதுக்கும் ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண் பத்திலிருந்து நான்குக்கு இறங்கியதா, நான்கிலேயே நின்றுவிட்டதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. ஒரே செவிலியர் தொடர்ந்து மதிப்பிட்டால் அந்த எண்ணுக்கு இன்னும் நம்பகம் கூடுகிறது.

செவிப்பறையைப் பற்றியும் ஒரு சொல். நாள்பட்ட புறச்செவி அழற்சியுள்ள நாய்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் நோய் செவிப்பறையைத் தாண்டி நடுச்செவிக்கும் போயிருக்கும். செவிப்பறை கிழிந்தபின் மீண்டும் மூடிக்கொண்டு, வெளியிலிருந்து பார்ப்பவரை ஏமாற்றுவதும் உண்டு. செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்று தெரியாத நிலையில் சில கழுவுநீர்களும் ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகளும் உட்செவிக்குள் கசிந்து, கேட்கும் திறனையும் உடலின் சமநிலையையும் கெடுக்கக்கூடும். தலை ஒரு பக்கம் சாய்ந்திருத்தல், முகத்தின் ஒரு பாதி தளர்ந்து தொங்குதல், வாய் திறக்க நோதல், கூப்பிட்டால் திரும்பாமை ஆகியவற்றை, கூண்டிலிருந்து இறக்கும்போதும் தண்ணீர் வைக்கும்போதும் கவனிக்க வாய்ப்புள்ளவர் செவிலியரே. மேசைமேல் விறைத்து நிற்கும் நாய் இவற்றை மறைத்துவிடும்; காத்திருப்பறையில் நடக்கும் நாயால் மறைக்க முடியாது.

பூனையும் முயலும் வேறு கதை. பூனைக்கு அடிக்கடி காதுநோய் வருவதில்லை. வந்தால் மைட்டா, இளம்பூனையின் நடுச்செவியில் முளைக்கும் சதைக்கட்டியா என்று தேட வேண்டும். முயலின் கதை இன்னும் நுட்பமானது. பிரிட்டனில் விரும்பி வளர்க்கப்படும் தொங்குகாது முயல்களில் மடல் மடிந்து விழும் இடத்திலேயே குழலும் மடங்கி, குறும்பி வெளியேற வழியின்றிக் கெட்டிச் சீழாகத் திரண்டு, காதின் அடியில் புடைப்பாக நிற்கிறது. முயல் இரையாகும் விலங்கு, வலியைக் காட்டிக்கொள்ளாது. நகம் வெட்ட வந்த முயலின் காதடியைத் தடவிப் பார்த்த செவிலியரின் விரல்தான் பல நேரம் முதற்சாட்சி.

இதற்கு எதிர்ப்பே இல்லையா? உண்டு. செவிலியரிடம் இத்தனையும் ஒப்படைத்தால் அவர் மெல்ல மெல்ல மருத்துவராகவே நடந்துகொள்வார் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. தினமும் நூறு தகடு பார்ப்பவருக்கு நாவின் நுனியில் நோயின் பெயர் வந்து நிற்பது இயல்பு. ஆனால் எல்லை மங்குவது வேலையைப் பகிர்வதால் அல்ல, யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதி வைக்காததால். வேறொரு குறையும் உண்டு, அதைப் பேசுவோர் குறைவு. பயிற்சி பெற்ற செவிலியரைக் கூண்டு கழுவவும் தொலைபேசி எடுக்கவும் மட்டும் வைத்திருக்கும் மருத்துவமனைகள் எல்லை மீறலுக்கு அஞ்சவில்லை, பழக்கத்தைக் கைவிடத்தான் அஞ்சுகின்றன. நுண்ணோக்கியை உறையிட்டு மூலையில் வைத்துவிட்டு, ‘சைட்டாலஜிக்கு நேரம் இல்லை’ என்று சொல்லும் இடத்தில், நேரம் உள்ள ஒருவர் பக்கத்து அறையில் துண்டு மடித்துக்கொண்டிருப்பார்.

இந்தியாவில் நிலை வேறு. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம், பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டுதலிலும் சிறு மருத்துவப் பணிகளைச் செய்யச் சான்றிதழ் பெற்ற பணியாளர்களை மாநில அரசு அனுமதிக்கலாம் என்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊரூராகச் சேவை செய்வதை மனத்தில் வைத்து எழுந்தது. நகரத்து நாயின் காதுக்குள் பஞ்சுக்குச்சி சுழற்றும் செவிலியர் அதன் வரிகளுக்குள் இல்லை. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவர்களைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கி வந்திருக்கிறது. அவர்களுக்குப் பக்கத்தில் நின்று தகட்டை ஏந்தும் கையைப் பற்றி யோசிக்க வேண்டாமா? கடற்கரைப் புழுக்கத்தில் வாரந்தோறும் குளிப்பாட்டப்படும் லேப்ரடாருக்கும் அதே தொங்குகாதுதான், அதே ‘ட’தான்.

இறுதியாக மறுபரிசோதனைக்கு வர வேண்டும். காதுநோய் பெரும்பாலும் தோற்பது அங்கேதான். இரண்டு வாரம் மருந்து ஊற்றியாயிற்று, நாற்றம் போயிற்று, தலை உதறல் நின்றது, நாய் வாலாட்டுகிறது. ‘இனி எதற்கு வர வேண்டும்’ என்று வளர்ப்பவர் கேட்பது நியாயம்தான். செவிலியரின் மறுபார்வை நேரம் இதற்கென்றே இருக்கிறது: கட்டணம் குறைவு, காத்திருப்பு குறைவு, நாய்க்குத் தெரிந்த முகம். மேற்சொன்ன காக்கர் ஸ்பானியல் வருகிறது. வெளியே மடல் வெளிறிய இளஞ்சிவப்பாகச் சுத்தமாக இருக்கிறது, மதிப்பெண் பன்னிரண்டுக்கு இரண்டு. ஆயினும் குச்சி உள்ளே செல்கிறது, தகடு உருட்டப்படுகிறது, ஓரத்தில் எழுத்து எழுதப்படுகிறது, மூன்று ஜாடிகளும் முடிகின்றன. வலது காதின் தகட்டில் தோலணுக்களைத் தவிர ஒன்றும் இல்லை. இடது காதின் தகட்டில், ஆயிரம் மடங்கு பெருக்கத்தில், இரண்டு நியூட்ரோஃபில்களுக்கு நடுவே கோல்வடிவில் நான்கைந்து. செவிலியர் அதற்குப் பெயரிடவில்லை. ‘இடது: கோல்கள், சில, வெள்ளணுக்களோடு, மருந்து நிறுத்தும் முன் மருத்துவர் பார்க்கவும்’ என்று எழுதி, தகட்டை நுண்ணோக்கியிலேயே விட்டுவிட்டு, அடுத்த அறையின் கதவைத் தட்டுகிறார்.